கருவியின் எல்லையும் கலையின் இலக்கணமும்

ஓவியர் தீட்டிய வண்ணம் அவர் மறைந்த பின்னும் சுவரில் நிற்கும். சிற்பி செதுக்கிய உருவம் பல நூற்றாண்டு கோயிலில் நிற்கும். இசைவாணரின் நாதம் அத்தகையதன்று. பிறந்த கணத்திலேயே அது மறையும். கேட்டவர் நினைவிலும் கற்ற மாணாக்கர் மிடற்றிலும் மட்டுமே எஞ்சும். 1877 ஆம் ஆண்டு வரை, இறந்த ஒருவரின் குரலை உயிரோடிருக்கும் எவரும் கேட்டதில்லை. அவ்வாண்டில் அமெரிக்கராகிய தோமஸ் அல்வா எடிசன் போனோகிராப் என்னும் ஒலிப்பதிவுப் பொறியை அமைத்தார். அன்று தொட்டு இசையின் வரலாறு பொறிகளின் வரலாற்றோடு பிணைந்துவிட்டது.

இப்பிணைப்பினால் இசையின் தரம் உயர்ந்ததா, தாழ்ந்ததா என்னும் வினா இன்று பலராலும் எழுப்பப்படுகின்றது. தாழ்ந்தது என்போர் பழம்பெரும் வித்துவான்களின் பெயர்களை அடுக்கிப் பெருமூச்செறிவர். உயர்ந்தது என்போர் இன்று ஒரு சிற்றூர்ச் சிறுமியும் உலகத்து இசை அனைத்தையும் வீட்டிலிருந்தே கேட்கும் வாய்ப்பைச் சுட்டுவர். இரு சாராரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைப் பற்றி நிற்கின்றனர். வழக்கைத் தீர்க்க வேண்டின், எந்தக் கருவி எந்தக் காலத்தில் இசையின் எந்த உறுப்பைத் தொட்டது என்று வரலாற்று முறையில் ஆராய்தல் வேண்டும். பொருள் பரந்ததாதலின், நமக்கு நெருங்கிய கருநாடக இசையையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

முதற்கண் ஒன்று தெளிதல் நன்று. எல்லைகள் கலைக்குப் புதியன அல்ல. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழ்ப்புலவன் ஆகியோரின் தகுதிகளை வகுப்பதோடு அமையாது, அரங்கு 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாதல் வேண்டும் என்றும் வரையறுக்கின்றது. இடத்துக்கும் காலத்துக்கும் கேட்போருக்கும் ஏற்பக் கலை தன்னை அமைத்துக்கொள்வது இயல்பே. ஆயின், அரங்கின் அளவை ஆடலின் இலக்கணம் என்று எவரும் மயங்கியதில்லை. புதுப்பொறிகள் வந்த காலத்தில் நேர்ந்த நன்மை தீமைகளை அளப்பதற்கு இவ்வேறுபாடே தக்க அளவுகோலாம்.

எடிசனின் பொறி உருளையில் ஒலியைப் பதித்தது. எமில் பெர்லினர் என்பார் 1887 இல் தட்டையான வட்டில் பதியும் கிராமபோனுக்கு உரிமம் பெற்றார். ஒரு மூலத்தட்டிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளை அச்சிடுதல் இதனால் இயல்வதாயிற்று. 1902 ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலிய பாடகியரின் குரலைப் பதிந்தார். பாட்டின் இறுதியில் கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரத்துக் கூறுவதை அத்தட்டுகளில் இன்றும் கேட்கலாம். தட்டுகள் அச்சிடப்பெற்றது ஜெர்மனியின் ஹனோவர் நகரில். அங்குள்ள தொழிலாளர் பாடியவர் இன்னார் என்று அறிதற்கே இவ்வேற்பாடு. 1908 இல் கல்கத்தாவில் தொழிற்சாலை நிறுவப்பட்டபின் இந்திய இசைத்தட்டுகள் இந்திய மண்ணிலேயே உருவாயின. தட்டுக்கு வேண்டிய அரக்கும் இந்நாட்டுக் காடுகளில் விளைந்ததே.

இக்கருவியின் முதல் எல்லை காலம். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடமே ஒலித்தது. 12 அங்குலத் தட்டு 4 நிமிடத்துக்குச் சற்று மேல் ஒலித்தது. ஓர் இராகத்தைப் படிப்படியாக விரித்து, தானம் பாடி, பல்லவியை எடுத்து, நிரவலும் கற்பனைச் சுரமும் நிகழ்த்தி முடிக்க மணிக்கணக்கில் ஆகும் இசைமரபுக்கு 3 நிமிடம் என்பது எத்துணைச் சிறிய கூண்டு என்பதைச் சொல்ல வேண்டா. பல்லவி, அனுபல்லவி, சரணம் ஆகியவற்றை விரைந்து பாடி முடிப்பதே பதிவு நாளில் வித்துவானின் கவலையாயிற்று. இரண்டாவது எல்லை ஓசை. 1925 ஆம் ஆண்டளவில் மின்வழிப் பதிவு வரும் வரை, பாடுவோர் பெரியதொரு குழலின் வாயை நோக்கி உரக்கப் பாட வேண்டியிருந்தது. மெல்லிய தம்புராவின் நாதம் தட்டில் ஏறவில்லை. நுண்ணிய கமகங்களும் மங்கின.

எனினும் இழப்பு மட்டுமே நேர்ந்தது என்பது நடுநிலையாகாது. நாகசுர மேதை திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் தோடி ஆலாபனை இசைத்தட்டில் வெளிவந்தபோது, கோயில் வீதியில் இரவெல்லாம் விரிந்த ஒன்றன் சாரம் சில நிமிடங்களில் திரண்டு நின்றது. சுருங்கச் சொல்லி விளங்க வைத்தல் செய்யுளுக்கு அழகாயின் இசைக்கும் அது அழகே. மேலும், இசைத்தட்டு மேடையின் வாயிலைக் கடந்து சென்றது. பரம்பரையாக இசை வளர்த்த குலத்துப் பெண்டிர் பலர் தொடக்கக் காலத் தட்டுகளில் முன்னின்று பாடினர். எம். எஸ். சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு 1926 இல், அவருக்கு 10 வயது நடக்கையில் வெளிவந்தது. கட்டணங் கொடுத்துச் சபாவுக்குச் செல்ல இயலாதவரும், சாதியின் பெயரால் வாயிலில் நிறுத்தப்பட்டவரும் முதன்முறையாகப் பெருவித்துவான்களைக் கேட்டனர். தரத்தைப் பற்றிப் பேசுவோர் கேட்கும் உரிமையை மறந்து பேசுதல் பொருந்தாது.

புதுப்பொறியை எதிர்த்து முன்கூட்டியே குரல் எழுப்பிய சான்றோருள் நம் நாட்டவர் ஒருவர் உளர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. எடிசன் தம் பொறியை அமைத்த அதே 1877 ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமியே அவர். 1909 இல் வெளிவந்த தேசிய இலட்சியம் பற்றிய அவரது ஆங்கிலக் கட்டுரைத் தொகுதியில் கிராமபோனைப் பற்றிய கட்டுரை ஒன்றும் உண்டு. இசைவாணருக்கும் நாதத்துக்கும் நடுவே பொறி புகுதல் எப்போதும் குறைபாடே என்பதும், மனிதக் குரலே தலையாயது, விரல் நேரே நரம்பைத் தீண்டும் கருவிகள் அதனை அடுத்தன என்பதும் அவர் கொள்கை. ஆர்மோனியத்தின் மேல் அவர் கொண்ட வெறுப்பும் இக்கொள்கையின் வழிப்பட்டதே.

அவர் கூற்றிற் பேருண்மை உண்டு. ஆயினும் காலம் மற்றொரு பக்கத்தையும் காட்டியது. வீணை தனம்மாளை (1867-1938) எடுத்துக்கொள்வோம். சென்னை ஜோர்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீணை வாசிப்பார். ஒலி மிக மெல்லியது. அறையில் அமைதி குலைவதை அவர் பொறார். அவ்வறையில் அமரும் பேறு பெற்றோர் சிலரே. 1930 களின் முற்பகுதியிற் பதிந்த சில தட்டுகள் இல்லையாயின், அவரது வாசிப்பு இன்று நமக்கு வெறும் புகழுரையாகவே எஞ்சியிருக்கும். எந்தப் பொறி நாதத்தைக் குறுக்கியதோ, அதே பொறி நாதத்துக்குச் சான்றாகவும் நின்றது.

இனி ஒலிபெருக்கியை நோக்குவோம். 1930 களில் அது சபாக்களிலும் மேடைகளிலும் புகுந்தது. அதற்கு முன், கூட்டத்தின் கடைசி வரிசை வரை குரல் எட்டுதல் பாடகரின் முதற்கடன். நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா போன்றார் உச்சத் தொனியிற் பாடியது அழகுக்காக மட்டுமன்று, எட்டுதற்காகவுமாகும். ஆண்களும் 4 கட்டை, 5 கட்டை எனச் சுருதி வைத்துத் தாரத்தாயியில் உலாவினர். அதற்கேற்ற குரற்பயிற்சி விடியற்காலை தொட்டு ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்தது. ஒலிவாங்கி வந்தபின் இக்கட்டாயம் நீங்கியது. சுருதி படிப்படியாக இறங்கியது. உரத்த குரல் இல்லாதாரும், ஆனால் இராக ஞானம் மிக்காரும், ஆயிரம் பேர் முன் பாட வழி பிறந்தது. மந்தரத்தாயியின் ஆழமும், கமகத்தின் நுண்ணசைவும், வீணையின் மெல்லோசையும் பெருமண்டபத்திற் கேட்கலாயின. இவை ஐயத்துக்கிடமற்ற பேறுகள்.

ஆயின், கட்டாயம் நீங்கிய இடத்திற் பயிற்சியும் நீங்கியது. திறந்த மிடற்றுடன் அகாரமாகப் பாடும் வன்மை குன்றியது. ஒலிவாங்கியை நெருங்கி முணுமுணுத்தாலும் போதும் என்னும் எண்ணம் சிலரிடம் வேரூன்றியது. பக்கவாத்தியத்தார் ஒவ்வொருவர்க்கும் ஓர் ஒலிவாங்கி வைக்கப்பட்டபின், ஒருவர் ஓசையை மற்றவர் மேவும் போட்டியும் எழுந்தது. முன்னர் மிருதங்கக்காரர் பாடகரின் குரலைச் செவியால் அளந்து தம் விரலை அடக்கினார். இப்போது அவ்வளவீடு பொறிமேசையில் இருப்பவரின் கைக்கு மாறிற்று. இன்னும் விந்தை யாதெனில், திறந்த வெளிக்கென்றே பிறந்த நாகசுரத்துக்கும் தவிலுக்கும் கூட ஒலிபெருக்கி வைக்கும் வழக்கமே. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் (1933-1975) தவிலோசை வீதியின் மறுகோடி வரை செல்வதற்கு மின்சாரம் எதற்கு? தேரோடும் வீதியில் அளவறிந்து ஒலித்த வாத்தியத்தை, அளவறியாத குழாய்கள் வழியே செலுத்துகையில், நாதம் பெருகுவதில்லை, இரைச்சலே பெருகும்.

மூன்றாவதாக வானொலி. கொழும்பு வானொலி 1925 டிசெம்பரில் முறையான ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனில் திறக்கப்பட்டது. அரசரும் சமீந்தார்களும் அளித்த ஆதரவு தேய்ந்துகொண்டிருந்த காலத்தில், வானொலி இசைவாணர்க்கு ஊதியமும் தகுதியும் அளித்தது. அதே வேளையிற் கடிகார முள்ளுக்குக் கட்டுப்பட்ட கச்சேரியையும் அது தோற்றுவித்தது. குறித்த நிமிடத்தில் தொடங்கிக் குறித்த நிமிடத்தில் முடியும் இசைக்கு வித்துவானும் பழகினார், கேட்போரும் பழகினர்.

வானொலியின் வரலாற்றில் நம் பொருளுக்கு மிகவும் ஏற்ற நிகழ்ச்சி ஆர்மோனியத் தடையாகும். 1842 இல் பாரிசில் அலெக்சாந்தர் டெபேன் உரிமம் பெற்ற இக்கருவி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிற் பரவி, தமிழ் நாடக மேடையில் முதலிடம் பெற்றது. அதன் கட்டைகள் 12 சுரத்தானங்களை அசையாது நிறுத்துவன. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே வழுக்கிச் செல்லவோ, ஒரு சுரத்தை அசைத்து நிறுத்தவோ அதனால் இயலாது. நம் இராகங்களுக்கோ கமகமே உயிர். இக்காரணத்தால் அகில இந்திய வானொலி 1940 மார்ச்சு முதல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971 முதலே அத்தடை தளர்ந்தது. ஒரு பொறி மற்றொரு பொறியைத் தன் வாயிலில் தடுத்து நிறுத்தியது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் அதன் உட்பொருள் ஆழமானது. வானொலி நாதத்தைச் சுமந்து செல்வது. ஆர்மோனியம் நாதத்தை வகுப்பது. சுமக்கும் கருவியின் குறை செவிக்குப் புலப்படும். வகுக்கும் கருவியின் குறையோ, நாளடைவில் செவியையே மாற்றிவிடும். தடை விதித்தார் சிலவிடத்து மிகைப்படச் செய்திருக்கலாம். ஆயினும் சுருதியின் நுட்பம் காக்கத்தக்கது என்ற அவர் கருத்து பிழையன்று. 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றிய விபுலாநந்த அடிகள் கணிதத்தைத் துணைக்கொண்டு பழந்தமிழ்ச் சுருதிகளை அளந்து காட்ட முயன்றதும் இந்நுட்பத்தின் பொருட்டே. விஞ்ஞானம் இசைக்குப் பகையன்று என்பதற்கு அடிகளின் உழைப்பே சான்று.

காலத்தின் எல்லை பின்னர் ஒருவாறு தகர்ந்தது. 1948 இல் அமெரிக்காவில் நீண்டநேர இசைத்தட்டு வெளிவந்தது. பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் பதிய முடிந்தது. 1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிப்பேழையாகிய கசெற்றை வெளியிட்டது. 1982 இல் இறுவட்டு வந்தது. இன்று இணையத்தில் நேர எல்லையே இல்லை. இவற்றால் முழுக் கச்சேரியையும் ஒருங்கே கேட்கலாம். ஆயினும் வேறோர் எல்லை மறைவாகப் புகுந்தது. பதிவு ஒன்றே ஆயிரம் முறை ஒலிக்கின்றது. ஒவ்வொரு முறையும் அணுவளவும் மாறாது ஒலிக்கின்றது. ஆலாபனையோ அந்தந்த வேளையிற் பிறப்பது. ஒரு பேர்பெற்ற வித்துவான் ஒரு நாள் மாலை தம் மனோதர்மத்தாற் பாடியதை, மாணாக்கர் பதிவில் கேட்டு எழுத்துக்கு எழுத்து மனனஞ் செய்து, அதுவே அவ்விராகத்தின் வடிவம் என்று மேடையில் ஒப்புவிக்கின்றனர். கற்பனைச் சுரம் என்னும் பெயர் நிற்கின்றது; கற்பனை நிற்கவில்லை. குருவானவர் மாணாக்கரின் குறையைக் கண்டு இன்று ஒருவாறும் நாளை வேறொருவாறும் பாடிக் காட்டுவார். பொறி எவர் குறையையும் அறியாது.

தம்புராவின் நிலையும் இத்தகையதே. 1970 களின் இறுதி தொட்டு மின்னணுச் சுருதிப்பெட்டி பரவியது. எடுத்துச் செல்வது எளிது, சுருதி கலையாது. ஆயின், நன்கு சுருதி கூட்டிய தம்புராவின் மந்தர சட்ச நரம்பிலிருந்து மீட்டப்படாத அந்தர காந்தாரம் தானே எழுந்து ஒலிப்பதைக் கேட்டுணர்தல் மாணாக்கருக்குத் தலையாய செவிப்பயிற்சி. பொத்தானை அழுத்துவோர்க்கு அப்பயிற்சி வாய்ப்பதில்லை. சுருதி சேர்ந்திருக்கின்றதா என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பு செவியை விட்டு நீங்கிவிடுகின்றது.

இவ்வரலாற்றின் கடைசிப் படி கணினி. 1997 இல் வெளிவந்த ஓட்டோ-டியூன் என்னும் கணினி நிரல், பாடுவோர் குரல் சுரத்தானத்தினின்று விலகினால் அருகிலுள்ள தானத்துக்கு அதனை இழுத்து நிறுத்த வல்லது. திரைப்பாடல் முதலாய மெல்லிசைப் பதிவுகளில் இத்தகைய திருத்தம் இன்று வழக்கமாகிவிட்டது. 12 தானங்களையே அளவாக வைத்து, திருத்தும் விரைவையும் மிகுத்து இயக்கினால் விளைவது யாது? தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்தே தன் உருவைப் பெறுவது. பொறியின் கணக்கில் அவ்வசைவு பிழை. நம் இசையின் கணக்கில் அவ்வசைவே தோடி. 1940 இல் ஆர்மோனியத்தின் பேரில் எழுந்த அதே வழக்கு, புதிய உருவில் மீண்டும் நம் முன் நிற்கின்றது. வேறுபாடு ஒன்றே: ஆர்மோனியம் பாடகரின் பக்கத்தில் நின்றது, இப்பொறி அவர் மிடற்றினுள்ளே புகுந்துவிட்டது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஒன்று புலனாகும். பொறியின் எல்லையை எல்லையென அறிந்து கையாண்ட இடங்களில் இசை பெரும்பேறு பெற்றது. அவ்வெல்லையையே இசையின் இலக்கணமெனக் கொண்ட இடங்களில் இசை குறைந்தது. மூன்று நிமிடத் தட்டு தீங்கன்று; மூன்று நிமிடத்துக்கு மேல் இருந்து கேட்கும் பொறுமையற்ற செவி தீங்கு. ஒலிவாங்கி தீங்கன்று, அதன்றிப் பாட இயலாத மிடறு தீங்கு. பதிவு தீங்கன்று, பதிவுக்கு அப்பால் ஓர் இராகம் இல்லை என்னும் மயக்கம் தீங்கு.

ஆதலின், கல்லூரிகளிற் பயிலும் இசை மாணாக்கர்க்கும் அவர்தம் ஆசிரியர்க்கும் சில கடன்கள் உள. வகுப்பறையில் ஒலிபெருக்கி இன்றிப் பாடிப் பழகுதல் வேண்டும். கிழமைக்கு ஒரு முறையேனும் தம்புராவைத் தம் கையாற் சுருதி கூட்டுதல் வேண்டும். ஒரு கிருதியைக் கேட்பதாயின், ஒரு பதிவோடு நில்லாது, வெவ்வேறு பரம்பரையினர் மூவர் பாடிய பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்டல் வேண்டும். எது கிருதிக்குரியது, எது பாடியவர்க்குரியது என்று பிரித்தறியும் அறிவு அவ்வழியே வளரும். முந்தைய தலைமுறையினர்க்குக் கிட்டாத இவ்வாய்ப்பை நமக்கு அளித்ததும் பொறியே என்பதை நன்றியுடன் நினைத்தல் தகும்.

இன்னும் ஒரு கடன் நமக்கே சிறப்பாக உரியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏடும் நூலும் சாம்பலானதை நாம் அறிவோம். போரினாலும் இடப்பெயர்வினாலும் வீடுகளில் விட்டுப்போனவற்றுக்குக் கணக்கில்லை. திருவிழாக்களில் நாடாவிற் பதிந்த நாகசுரமும் தவிலும், பண்ணிசையும் கதாப்பிரசங்கமும் பழைய பெட்டிகளில் இன்னும் எஞ்சியிருக்கக்கூடும். நாடா என்றும் நிலைப்பதன்று. வெப்பத்தாலும் ஈரத்தாலும் ஆண்டுதோறும் அது நலிந்து வருகின்றது. பழைய மாணவர்கள் தம் இல்லங்களில் உள்ளவற்றைத் தேடி எடுத்து, பதிவின் நாள், இடம், வாசித்தவர் பெயர் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி, கணினிப் படியாக்கிக் காப்பாராயின், அது நூலகம் ஒன்றை மீண்டும் எழுப்புவதற்கு ஒப்பாகும். கேட்டு வளர்ந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்து முடித்தல் வேண்டும்.